எழுவைதீவிலிருந்து ஒரு முகநூல் கடை: சிறுதொழில் செய்வோர் கவனிக்க வேண்டியவை

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறினால் எங்கள் எழுவைதீவுக்குப் போகலாம். ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்பளவுள்ள சிறிய தீவு. கடலும் பனையும்தான் வாழ்வாதாரம். போர்க்கால இடப்பெயர்வுகளால் தீவகத்தின் பல குடும்பங்கள் யாழ்ப்பாணம், கொழும்பு என்றும் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்து என்றும் சிதறிப்போயின. ஊரில் இருப்பவர்கள் மீன் பிடிக்கிறார்கள், கருவாடு போடுகிறார்கள், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைக்கிறார்கள்.

என் சின்னம்மாவும் அவர்களில் ஒருவர். போரில் கணவரை இழந்தவர். அவர் போடும் கருவாட்டை வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிப்போவார். விலையை அவரே சொல்வார். மழை வந்தால் சரக்குப் பழுதாகிவிடுமே என்ற பயத்தில் சின்னம்மாவும் கொடுத்துவிடுவார். யாழ்ப்பாண நகரில் கணினி வேலை செய்யும் நான், "முகநூலில் போட்டால் நேரடியாக விற்கலாம் சின்னம்மா" என்று ஆரம்பித்தேன். எங்களைப் போன்ற சிறிய முயற்சியாளர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலில் நான் விட்ட பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

பரிதாபத்தை விற்றபோது

முதற் பதிவில் சின்னம்மாவைப் பழைய வீட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். போரில் கணவரை இழந்த தாய், உங்கள் உதவியை எதிர்பார்க்கிறார் என்று எழுதினேன். நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். ஒரே வாரத்தில் 31 பேர் கருவாடு கேட்டார்கள். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

அடுத்த மூன்று மாதத்தில் அந்த 31 பேரில் மீண்டும் வாங்கியவர்கள் இரண்டு பேர் மட்டுமே. இதற்கிடையில் சின்னம்மாவின் படத்தை யாரோ எடுத்து, வேறொரு பக்கத்தில் பணம் சேர்க்கப் போட்டிருந்தார்கள். படகில் வந்த ஒருவர் அதை அவரிடமே காட்டியிருக்கிறார். அன்றிரவு சின்னம்மா தொலைபேசியில் சொன்னார்: "என்ர முகத்தைக் காட்டி வித்தது காணும் தம்பி. இனி மீனைக் காட்டு."

உதவி என்ற பெயரில் வறிய வீடுகளுக்குள் கமராவைக் கொண்டுபோய், அழவைத்துப் படம் பிடிக்கும் காணொளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றால் ஒரு குடும்பத்துக்குச் சில நாள் உதவி கிடைக்கலாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் காணொளியோடு பல ஆண்டுகள் வாழவேண்டும். வியாபாரமாகப் பார்த்தாலும் அது நிலைக்காது. இரக்கப்பட்டு வாங்குபவர் தன் கடமை முடிந்துவிட்டது என்று போய்விடுவார். ருசிக்காக வாங்குபவர் பொதி முடிந்ததும் திரும்பி வருவார். எங்கள் கதையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை அந்தக் கதைக்கு உரியவரே தீர்மானிக்க வேண்டும்.

பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்

பிறகு பதிவுகளை மாற்றினோம். என்ன மீன், எப்போது பிடித்தது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, உப்பு கூடவா குறைவா, நிறை எவ்வளவு, விலை எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு. இந்த ஏழு விபரமும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். படத்தைக் காலை வெளிச்சத்தில் சாதாரணக் கைத்தொலைபேசியில் எடுக்கிறோம். நிறத்தைக் கூட்டிக் காட்டும் வடிகட்டிகளைப் பாவிப்பதில்லை. படத்தில் பளபளத்துக் கையில் மங்கலாக வந்தால் அந்த வாடிக்கையாளரை இழந்துவிடுவோம்.

"விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விலை தெரியாதவர்களில் பலர் கேட்காமலே போய்விடுவார்கள். ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும்.

வாங்குபவர் எங்கே, பொருள் போவது எங்கே?

முகநூலில் தனிப்பட்ட கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. வணிகத்துக்கென ஒரு பக்கம் தொடங்குவதே சரி. ஆனால் பக்கத்தில் போடுவதெல்லாம் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. அதன்பின் வணிகப் பக்கங்களின் பதிவுகள் இலவசமாகச் சென்றடைவது குறைந்தது. எனவே மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடங்களுக்கு நாங்கள் போகவேண்டும். ஊர்ச் சங்கங்களின் குழுக்கள், பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள் போன்றவை அப்படியான இடங்கள். அங்கே பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு மாதத்தில் ஓரிரு தடவை மட்டும் போடுங்கள். நாள்தோறும் போட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

பணம் கொடுப்பவரும் பொருளைப் பெறுபவரும் வேறாக இருக்கலாம் என்பதையும் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். வெளிநாட்டில் இருப்பவர் பணம் செலுத்த, இலங்கையில் இருக்கும் உறவினருக்குப் பரிசுப்பொருள் போய்ச் சேரும் முறையால் வளர்ந்ததுதான் கொழும்பின் கப்ருக்கா நிறுவனம். எங்களுக்கும் அதே வழி பொருந்தியது. உணவுப் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்ப நாட்டுக்கு நாடு தனித்தனிச் சட்டம் உண்டு. அதில் கை வைக்காமல், "நீங்கள் ரொறன்ரோவில் இருந்தாலும் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் அனுப்புகிறோம்" என்று எழுதினோம். அந்த ஒரு வரிக்குக் கிடைத்த பலன் என் பழைய உருக்கமான பதிவுக்குக் கூடக் கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு கடை

2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி சிறிய வியாபாரிகளுக்கென்றே செய்யப்பட்டது. இலவசமாகவே பாவிக்கலாம். பொருட்களைப் படம், விலையோடு பட்டியலாக வைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலை எழுதிவைத்து ஒரு தட்டில் அனுப்பலாம். ஒவ்வொரு உரையாடலுக்கும் அடையாளம் இடலாம். எங்கள் அடையாளங்கள் நான்கு: பணம் வரவேண்டும், பணம் வந்தது, பொதி போனது, குறை சொன்னார். கடைசி அடையாளம் உள்ளவர்களுக்குத்தான் முதலில் பதில் போகும்.

எழுத்தைவிடச் சின்னம்மாவுக்குக் குரற்பதிவு இலகு. காற்று, சூரிய ஒளி, டீசல் மூன்றையும் சேர்த்து ஊருக்கு மின்சாரம் தரும் கலப்புத் திட்டம் வந்தபிறகு தொலைபேசிக்கு மின்னேற்றுவதும் முன்னரைப்போல் சிரமமில்லை.

செய்ய முடிந்ததையே சொல்லுங்கள்

இணையத்தில் எல்லோரும் "24 மணித்தியாலத்தில் வீட்டு வாசலில்" என்று போடுகிறார்கள். எங்களால் அப்படிச் சொல்ல முடியாது. பொதி முதலில் படகேற வேண்டும், பிறகு ஊர்காவற்றுறையிலிருந்து பேருந்தில் நகருக்கு வரவேண்டும், அதன்பிறகுதான் பொதிச் சேவைக்காரரிடம் போகும். வாடைக்காற்றும் மழையும் கூடும் கார்த்திகை, மார்கழியில் படகு ஓடாத நாளும் உண்டு. ஆகவே வாரத்தில் ஒரு நாளை மட்டும் அனுப்பும் நாளாக வைத்தோம். கடல் சரியில்லை என்றால் கடலை ஒரு படம் எடுத்து, "இன்று படகு இல்லை, பொதி நாளை மறுதினம்தான் வெளிக்கிடும்" என்று அனுப்புவோம். இதுவரை ஒருவரும் அதற்குக் கோபித்ததில்லை. சொல்லாமல் பிந்தினால்தான் கோபம் வரும்.

ஒரு மாரியில் சரியாகக் காயாத கருவாடு பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. வாங்கியவர் பக்கத்திலேயே படத்தோடு எழுதினார். அதை அழித்துவிடவே எனக்கு முதலில் தோன்றியது. சின்னம்மா விடவில்லை. "பிழை எங்கட, காசைத் திருப்பிக் குடு" என்றார். பணத்தைத் திருப்பி அனுப்பி, அதே பதிவின் கீழ் மன்னிப்பும் கேட்டோம். அதன்பின் மழை மாதங்களில் கருவாட்டை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே காயவைத்த ஒடியலையும் ஒடியல் மாவையும் மட்டும் விற்கிறோம். அந்த வாடிக்கையாளர் இன்றும் எங்களிடம் வாங்குகிறார்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன்

முகநூல் விளம்பரத்தில் எந்த நாட்டில், எந்த வயதினருக்கு, எந்த மொழி பாவிப்போருக்குக் காட்ட வேண்டும் என்று தெரிவுசெய்யலாம். தெரிவுசெய்யாமல் விட்டால் வாங்கவே மாட்டாதவர்களுக்குக் காட்டிப் பணம் கரையும். கணக்கு எளியது. 3,000 ரூபாய் செலவழித்து ஆறு பேர் வாங்கினால் ஒருவரைப் பிடிக்க 500 ரூபாய். ஒரு பொதியில் உங்கள் இலாபம் 300 ரூபாய் என்றால், அவர்கள் ஒருமுறை மட்டும் வாங்கினால் உங்களுக்கு நட்டம். இரண்டாம், மூன்றாம் தடவையும் வாங்கினால்தான் விளம்பரம் பலன் தரும். விருப்பக்குறிகளை எண்ணாமல், திரும்பி வருபவர்களை எண்ணுங்கள்.

காணொளிக்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பம் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சானல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டினார்கள். தங்கள் ஊரையும் தங்களுக்குத் தெரிந்த வேலையையும் இடைவிடாமல் காட்டினார்கள், யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. எங்களுக்குக் கோடி பேர் தேவையில்லை. சின்னம்மா மீனைக் கீறி உப்பிடும் முப்பது விநாடிக் காணொளியே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

கவனிக்க வேண்டிய மற்றவை

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவுசெய்யுங்கள். உணவுப் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். பொதியில் நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி இருக்கட்டும்.

வங்கிச் சீட்டின் படத்தை மட்டும் நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள். படத்தை மாற்றுவது எளிது. கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்தபிறகே அனுப்புங்கள். தொலைபேசிக்கு வரும் இரகசியக் குறியீட்டை வங்கி என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பக்கத்துக்கு நம்பிக்கையான இன்னொருவரையும் நிர்வாகியாக வையுங்கள். விடுதலைப் புலிகளை மெற்றா நிறுவனம் ஆபத்தான அமைப்புகளின் பட்டியலில் வைத்திருப்பதால், நினைவேந்தல் பதிவுகள் நீக்கப்படுவதும் கணக்குகள் கட்டுப்படுத்தப்படுவதும் எம்மவர்க்குத் தெரிந்த விடயம். அதன் நியாய அநியாயம் தனியே பேசவேண்டியது. ஆனால் உங்கள் கணக்கு முடங்கினால், அதனூடாக மட்டும் நடத்தும் கடையும் கைவிட்டுப் போகும்.

இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. 2021 ஒக்டோபர் 4இல் முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் பல மணித்தியாலங்கள் இயங்கவில்லை. ஆகவே வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

சின்னம்மாவின் கொப்பியில் இப்போது 46 பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் 28 பேர் இரண்டு தடவைக்கு மேல் வாங்கியவர்கள். அவருடைய படம் எங்கள் பக்கத்தில் எங்கும் இல்லை. கைகள் மட்டும் சில காணொளிகளில் தெரியும். எல்லாச் சரக்கும் இணையத்தில் விற்றுவிடுவதில்லை, மிச்சத்துக்குப் பழைய வியாபாரி இப்போதும் வருகிறார். ஆனால் விலையை இப்போது சின்னம்மா சொல்கிறார்.