எஸ்.ஜி.பி.டி. 640 என்றால் என்ன?

 

மஞ்சள் காமாலை வந்தவங்களோட ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்திருக்கீங்களா? முதலில் பிலிருபின் என்று இருக்கும். கண்ணை மஞ்சளாக்குவது அதுதான். அதற்குக் கீழே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரி. இவை நொதிகள். இவை இருக்க வேண்டிய இடம் செல்லுக்குள்ளே. கல்லீரல் செல் உடைந்தால் ரத்தத்தில் கலந்துவிடும். குதிரைவாலி மூட்டையில ஓட்டை விழுந்தா வண்டித்தடம் பூரா சிந்திக் கிடக்குமே, அது மாதிரி!

லிட்டருக்கு சுமார் 40 யூனிட் வரை சரி. (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.) காமாலைக் கிருமி தாக்கினால் ஆயிரத்தையும் தாண்டும். எஸ்.ஜி.ஓ.டி. இதயத்திலும் தசையிலும் கூட உண்டு. அதனால் கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி.தான் நல்ல சாட்சி.

நொதியை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று கருவியில் அளக்கிறார்கள். நம்ம ஊர்ல தறியை எண்ணாம, ஒரு நாள்ல நெய்த சேலையை எண்ணிக் கணக்குப் போடுற மாதிரி.

எங்க சித்தப்பாவுக்குப் போன வருஷம் காமாலை. சீட்டில் 640. அப்பத்தா, "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுத்தா இறங்கிரும், ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமாக்கும்?" என்றார்கள். சித்தி விடவில்லை. இரண்டும் நடந்தது. மூன்று வாரத்தில் 90 ஆனது. இறக்கியது எது? தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அதனால் கீழாநெல்லிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அப்பத்தா பேச்சைச் சும்மா தள்ளவும் முடியாது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், 'பி' வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 'பி' கிருமி உடம்பில் தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம்! பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இன்னொன்று. எண் குறைந்தாலே குணம் என்று இல்லை. மூட்டையே காலியானாலும் சிந்துவது நின்றுவிடும் அல்லவா? அதனால்தான் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கிறார்கள். உறைய வைக்கும் புரதங்களைச் செய்வதும் கல்லீரல்தான். காமாலையோடு உளறல், தூக்கக் கலக்கம் இருந்தால் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி