அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்!

தீபாவளி நெருங்கிவிட்டால் ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து கொம்தார் வரை கூட்டம் அலைமோதும். துணிமணி, பலகாரச் சாமான்களோடு ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி என்று ஏதாவது ஒன்றும் வீட்டுக்கு வந்து சேரும். கடையில் நம் கண் முதலில் விலைச்சீட்டுக்குப் போகிறது, அடுத்து நிறத்துக்கு. பொருளைத் திருப்பி, அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு தகட்டைப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் குடும்பத்தின் பாதுகாப்பும் மாதாந்திர மின்கட்டணமும் அந்தத் தகட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

தகடு சொல்லும் மூன்று செய்திகள்

முதலாவது வோல்ட். மலேசியாவில் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அங்கிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த ரைஸ் குக்கரை இங்கே நேராகச் செருகினால் கருகிவிடும். ‘100-240’ என்று இருந்தால் கவலையில்லை. கைத்தொலைபேசி சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகைதான்.

இரண்டாவது வாட். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். 50 வாட் மின்விசிறி ஒரு யூனிட்டில் 20 மணி நேரம் சுழலும். 2,000 வாட் கெட்டிலோ அரை மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். எனவே இரண்டு கோப்பைத் தேநீருக்குக் கெட்டில் நிறையத் தண்ணீர் வேண்டாம். இரவு பகலாக ஓடும் குளிர்பதனப் பெட்டியை வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் மிகுந்த சிக்கனம். ஒரே கொள்ளளவுள்ள பெட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது சிரிம் முத்திரை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், மின்விசிறி, பிளக், எக்ஸ்டென்ஷன் வயர் ஆகியவற்றை எரிசக்தி ஆணையத்தின் அனுமதி பெற்றே விற்க வேண்டும் என்பது சட்டம். இரவுச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பொருளில் முத்திரை இல்லையென்றால் அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

மூன்றாவது முள் எதற்கு?

நம் பிளக்கில் நீளமாக இருக்கும் மூன்றாவது முள் எர்த் இணைப்புக்கு உரியது. கருவிக்குள் மின்கம்பி அறுந்து உலோக உடலில் பட்டால், அந்த மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தி நம்மைக் காப்பது இதுதான். அந்த முள் உள்ளே போனால்தான் மற்ற இரு துளைகளின் மூடியும் திறக்கும்.

இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ நுழைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இது ஆபத்தானது. உருண்டை முள் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். கருவியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. அதையும் சிரிம் முத்திரையுள்ள அடாப்டர் வழியாகவே செருக வேண்டும்.

ஒரு துளை, பல கருவிகள்

பிளக்கில் உள்ள பியூஸ் 13 ஆம்பியர். 230-ஐ 13-ஆல் பெருக்கினால் 2,990 வாட். ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில் 2,000 வாட் கெட்டிலும் 1,200 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 3,200 ஆகிவிடும். அளவு சற்று மிஞ்சியதும் பியூஸ் உடனே அறுந்துவிடாது; அதுவரை வயர்தான் சூடேறும். சுருட்டி வைத்த வயர் இன்னும் விரைவாகச் சூடாகும். மரத்தளமும் பழைய வயரிங்கும் உள்ள ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் இதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடாக்கும் கருவிகளைச் சுவரில் தனித்தனியே செருகுவதே முறை.

மின்பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று எழுதிய பொத்தானுடன் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கும். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் பதிவுபெற்ற வயர்மேனை உடனே அழைக்க வேண்டும். குளியலறையில் சுடுநீர்க் கருவி உள்ள வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்

வாங்கிய பொருள் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்றாண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019-இல் மறையும் வரை வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இந்நகரில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே முறையிடச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் பொருளைத் திருப்பிப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரரைச் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் காசு, நம் வீடு, நம் பிள்ளைகள்.