சீவிய உரித்தில்லாத உறுதி

மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது திருகோணமலையில் நெடுநாள் வழக்கம். எழுதிக் கொடுத்த பிறகும் பெற்றோர் அந்த வீட்டிலேயே இருப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களில் இதனால் கெடுதல் வருவதில்லை. உறவு கசந்துபோன குடும்பத்திலோ, வெளியே போ என்று சொல்லும் உரிமை பிள்ளையிடம் போய்விட்டிருக்கும்.

அதன்பின் சட்டம் தருவது என்ன? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத, 60 வயது கடந்த பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்து மாதாந்தப் பணம் கோரலாம். அடியும் கொடிய வசையும் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றம் முதலில் 14 நாள் வரையிலான இடைக்காலக் கட்டளையும், விசாரித்தபின் 12 மாதம் வரையிலான பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம்.

இவையெல்லாம் யாராவது முறையிட்டால்தான் அசையும். சோறு போடும் பிள்ளைமேல் முறைப்பாடு வைக்க எந்தத் தாய் பிரதேச செயலகப் படியேறுவாள்? படுக்கையில் கிடப்பவர், நினைவு மங்கியவர், எழுத வாசிக்கத் தெரியாதவர் ஆகியோரின் நிலை இன்னும் மோசம். கொடுத்த வீட்டை மீட்பதும் எளிதல்ல. மாற்றமுடியாத நன்கொடை உறுதியை நன்றிகெட்ட நடத்தையைக் காட்டி ரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்கே போக வேண்டும். முதுமையில் பலருக்கு அதற்கான காசும் இல்லை, காலமும் இல்லை.

ஆகவே காப்பு, கையெழுத்துக்கு முன்பே வேண்டும். உறுதியில் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதினால், சொத்து பிள்ளைக்குப் போனாலும் உயிருள்ளவரை அந்த வீட்டில் வாழும் உரிமை பெற்றோருடையதே. நொத்தாரிசிடம் அந்த வாசகத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்குமுன் கையெழுத்திடச் சொல்லி யாரும் அவசரப்படுத்தினால், அன்று கையெழுத்து வைக்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. 60 வயது கடந்தவர் வீட்டை எழுதிக் கொடுக்க வந்தால், நொத்தாரிசு அவரைத் தனியே வைத்துச் சீவிய உரித்துப் பற்றிக் கேட்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் முறைப்பாடு வரும்வரை காத்திராமல், தனித்தும் படுக்கையிலும் இருக்கும் முதியோரை ஒழுங்காகப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டை இழந்தபின் கிடைக்கும் மாதப் பணம், வீட்டுக்கு ஈடாகாது.