கட்டடக்கலைக் கல்வியும் நிலைபேறான வடிவமைப்பும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டையும் குறித்து எம்மவர் சிந்தித்த அளவுக்கு மூன்றாவதைக் குறித்து அண்மைக்காலத்திற் சிந்தித்தனர் என்று கூறுதல் அரிது. வீடு கட்டுவதற்கு வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் செலவிடுகின்றோம், கடன்படுகின்றோம், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பொருளையும் அதிலேயே இடுகின்றோம். ஆயினும், அவ்வீடு எத்திசையை நோக்கவேண்டும், எவ்வழியாற் காற்று வரவேண்டும், எப்பொருளாற் கூரை வேயவேண்டும் என்பனவற்றை ஆராய்ந்து துணிவதற்கென ஒரு கல்வி உண்டென்பதைப் பலர் நினைப்பதில்லை. அக்கல்வியே கட்டடக்கலை. அது பல்கலைக்கழகத்தில் எவ்வாறு பயிலப்படுகின்றது, நிலைபேறான வடிவமைப்பு என இக்காலத்தார் சிறப்பித்துப் பேசுவது யாது, அதனால் எமது மண்ணுக்கு விளையக்கூடிய பயன் யாது என்பனவற்றை இங்கு எடுத்துரைக்க முயல்வோம்.

கட்டடக்கலைஞரின் கடமை

கட்டடக்கலைஞரையும் பொறியியலாளரையும் ஒருவராகவே கருதும் வழக்கம் எம்மிடையே உண்டு. கட்டடம் வீழாது நிற்பதற்கு வேண்டிய கணக்கைப் பொறியியலாளர் தருவர். அதனுள்ளே மனிதர் நலமாய் வாழ்வதற்கு வேண்டிய ஒழுங்கைக் கட்டடக்கலைஞர் தருவர். அறைகளின் அளவு, அவை ஒன்றோடொன்று தொடர்புறும் முறை, ஒளி, காற்று, நிழல், அழகு, செலவு ஆகிய யாவும் ஒருங்கே இவர் பொறுப்பாகும். இவற்றுள் ஒன்றைத் திருத்தப் புகுந்தால் மற்றொன்று பிழைக்கும். யன்னலைப் பெருப்பித்தால் ஒளி மிகும். உடன் வெப்பமும் மிகும். கூரையைத் தாழ்த்தினால் மழைச்சாரல் குறையும், காற்றுங் குறையும். இவ்வாறு ஒன்றோடொன்று முரணுவனவற்றை இணக்குவிக்கும் பயிற்சியே இக்கல்வியின் உயிர்நாடி எனலாம்.

நிலைபேறு என்பது யாது?

1987 ஆம் ஆண்டில், நோர்வே நாட்டுப் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் இயங்கிய ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றுள்ளோர் தம் தேவைகளை நிறைவுசெய்யும்போது, பின்வருவோர் தம் தேவைகளை நிறைவுசெய்யும் வாய்ப்பை அழித்துவிடலாகாது என்பது அதன் சாரம். இதனைக் கட்டடத்துக்குப் பொருத்தும்போது இரு செலவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, கட்டும்போது ஆகுஞ் செலவு. மற்றது, கட்டியபின் ஐம்பது அறுபது ஆண்டுகள் அதில் வாழும்போது ஆகுஞ் செலவு. செலவு என்றது பணத்தை மாத்திரமன்று. மணல், மரம், நீர், எரிபொருள், காற்றிற் கலக்கும் புகை ஆகிய அனைத்தையும் அச்சொல்லில் அடக்குகின்றோம்.

முதலாவதற்குச் சீமெந்து தக்க உதாரணம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டுச் சுடும்போது 100 தொன் கல்சியங் காபனேற்றிலிருந்து 44 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். சூளைக்கு இடும் எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. உலகில் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியால் விளைவது. எமது குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லும் இதற்குப் பயன்பட்டதே. 1950 இல் உற்பத்தி தொடங்கி, 1990 இற் போரினால் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை அறியாதார் எம்மில் இலர். அதே கல்லைச் சுட்டு எம் முன்னோர் ஆக்கிய சுண்ணாம்பும் சூளையிற் காபனீரொட்சைட்டை விடுவதே. எனினும் சாந்தாகி இறுகுங்கால் காற்றிலிருந்து அதன் பெரும்பகுதியை மீளப் பெற்றுக்கொள்ளும். வலிமை வேண்டிய இடத்துக்குச் சீமெந்தும், வலிமை வேண்டாத பூச்சு முதலியவற்றுக்குச் சுண்ணாம்பும் எனப் பகுத்தறிவதே கற்றவன் செயல்.

இரண்டாவதற்கு எமது புதிய வீடுகளே உதாரணம். நிழலற்ற கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுவதும் வெயிலை வாங்கி, இரவில் அதனை உள்ளிருப்போர்மீது இறக்குகின்றது. அதனைத் தணிக்க மின்விசிறியும், அது போதாதாயிற் குளிரூட்டியும் வருகின்றன. வீட்டை வரைந்தபோது நேர்ந்த பிழைக்கு மாதந்தோறும் மின்கட்டணம் இறுக்கவேண்டியதாகின்றது.

வெப்பநாட்டுக்குரிய கல்வி

கட்டடக்கலைப் பல்கலைக்கழகக் கல்வி மேனாட்டிலிருந்து இங்கு வந்தது. குளிர்நாட்டில் வெயிலை வீட்டுக்குள் அழைக்கக் கற்பிப்பர். இங்கோ அதனை வெளியே நிறுத்தவேண்டும். ஆங்கில நாட்டிற் கட்டடக்கலை பயின்ற அடேடோகுன் அடியேமி என்னும் நைஜீரிய மாணவர், தாம் கற்பது தம் நாட்டுக்கு உதவாமையை எடுத்துக்காட்டியமை காரணமாக, 1953 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வெப்பவலயக் கட்டடக்கலை மாநாடு நடைபெற்றது. அடுத்த ஆண்டில் இலண்டன் ஆக்கிற்றெக்சரல் அசோசியேசன் பாடசாலையில் இதற்கெனத் தனித் துறையே தொடங்கப்பெற்றது. இந்தியாவில் மைசூர் அரசின் பிரதம கட்டடக்கலைஞராய்ப் பணியாற்றிய ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர் பின்னர் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். தன் நாட்டின் வெயிலை மறவாத ஒரு மாணவரின் கேள்வி ஒரு துறையையே தோற்றுவித்தது என்பதை எம் மாணவர் மனங்கொள்வாராக.

மாணவர் கற்பன

இலங்கையில் இக்கல்விக்கு முதன்மையான இடம், 1978 இற் தனிப் பல்கலைக்கழகமாகிய மொறட்டுவைப் பல்கலைக்கழகம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைந்தோரே அங்கு அனுமதி பெறுவர். கட்டடக்கலைமாணிப் பட்டத்துக்குரிய காலம் ஐந்து ஆண்டுகள். 1957 இல் தோன்றிய இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தொழிற்றகைமையை மேற்பார்வை செய்கின்றது. அதனைச் சார்ந்த பாடசாலையொன்றும் கொழும்பில் உண்டு.

விரிவுரைகளினும் ‘ஸ்ரூடியோ’ எனப்படும் வடிவமைப்புக்கூடமே இக்கல்வியின் நடுநாயகம். மாணவருக்கு ஒரு காணியும் ஒரு தேவையும் தரப்படும். அவர் அக்காணிக்குச் சென்று அளந்து, மரங்களைக் குறித்து, அயலாரோடு உரையாடி, வரைந்து, அட்டையால் மாதிரியுரு செய்து, ஆசிரியர் குழுவின் முன் நின்று தம் முடிவுக்குக் காரணங் கூறவேண்டும். அழகாயிருக்கின்றது என்பது அங்கே விடையாகாது.

அவ்வாறு காரணங் கூறுதற்கு அடிப்படையாவது ஞாயிற்றின் இயக்கம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஒன்பதேமுக்காற் பாகையளவில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகற் சூரியன் எம் உச்சிக்கு நேரே நிற்கும். தசெம்பரில் அது தென்புறம் சாய்ந்து 57 பாகை உயரத்திலும், யூனில் வடபுறம் சாய்ந்து 76 பாகை உயரத்திலும் நிற்கும். சுவருக்கு வெளியே மூன்றடி நீண்ட இறவாரம், தசெம்பர் நண்பகலிற் தென்சுவரில் நாலரையடிக்கு நிழல் தரும். யூன் நண்பகலில் வடசுவரிற் பன்னிரண்டடிக்கு நிழல் தரும். ஆனால், மார்ச்சு மாதத்து மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் அதே இறவாரம் இரண்டடி நிழலும் தராது. ஆகவே வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்க, குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்குதல் நன்று. மேற்கே மரமாவது, விறாந்தையாவது, களஞ்சிய அறையாவது இருத்தல் வேண்டும், படுக்கையறை ஆகாது. சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், தெற்கிலும் வடக்கிலும் எதிரெதிரே வைத்த யன்னல்கள் இரண்டு காற்றையும் ஏற்கும்.

அடுத்தது நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடு இறங்கித் தங்கும் நிலத்தடி நீரே எமது செல்வம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். நூறு சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின் 1,20,000 லீற்றராகும். ஐந்திலொரு பங்கு வீணாயினும் 96,000 லீற்றர் எஞ்சும். அதனைத் தொட்டியிற் சேர்ப்பதா, நிலத்துள் இறக்குவதா, அன்றித் தெருவுக்கு ஓடவிடுவதா என்பது வரைபடத்திலேயே தீர்மானிக்கப்படுவது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரமும் அவ்வாறே. வெடிப்பும் துளையும் நிறைந்த எம் பாறை அழுக்கை வடிகட்டாது கிணற்றுக்கு அனுப்பிவிடும். ஒருவர் வீட்டுக் குழி அயலார் கிணற்றையும் கெடுக்கும்.

பழைய வீடு என்னும் பாடநூல்

மேற்கூறியவற்றுட் பல எம் முன்னோர் அறிந்தனவே. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் உள்ளறைகளுக்கு ஒளியும் காற்றும் தந்தது. சுண்ணாம்புச் சாந்திட்ட தடித்த கற்சுவர் பகல் வெப்பம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தியது. வைரம்பாய்ந்த பனைமரமே வளையும் சிலாகையுமாயிற்று. அடுக்களை வேறாய் நின்றமையின் அதன் வெப்பமும் புகையும் வீட்டை வருத்தவில்லை. கிடுகு வேலி கண்ணை மறைத்ததேயன்றிக் காற்றை முற்றாய் மறித்ததில்லை. தெருவோரச் சங்கடப்படலை வழிப்போக்கருக்கு நிழலும் இருக்கையும் அளித்தது.

ஆயினும் பழைமை யாவும் அப்படியே பின்பற்றத்தக்கன என்று கொள்ளுதல் தகாது. நாற்சார் வீடு வசதியுள்ளோர் வீடு. பெரும்பாலோர் வாழ்ந்தவை மண்சுவரும் ஓலைக்கூரையுமுடைய சிறு வீடுகள். தடித்த சுவர் இரவிலே தன் வெப்பத்தை உள்ளே விடுதலின், கோடைகாலத்திற் பலர் விறாந்தையிலேயே படுத்துறங்கினர். இன்றோ காணிகள் பங்குபட்டுச் சுருங்கிவிட்டன. இரண்டு பரப்புக் காணியில் முற்றமும் கிணறும் மலகூடமும் மரநிழலும் எவ்வாறு அமையலாம் என்பதற்குப் பழைய வீட்டில் ஆயத்தமான விடை இல்லை. அதன் வடிவத்தை அன்று, அதன் நியாயத்தையே நாம் கற்கவேண்டும்.

இதனைச் செய்துகாட்டிய இலங்கையர் இருவரை மாணவர் அறிதல் நன்று. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார் (1918 – 1998), பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் 1948 இல் இணையுறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணி. புதுமுறைக் கட்டடத்தில் தும்பறைப் பாய் நெசவையும் சுட்ட களிமண் ஓட்டையும் இணைத்தவர். 1950களில் கண்டியை அடுத்த வட்டபுளுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், அங்கு வாழப்போகும் குடும்பங்களின் தேவைகளை வினாக்கொத்து மூலம் கேட்டறிந்தார். ஜெப்ரி பாவா (1919 – 2003) சட்டத்தரணியாயிருந்து கட்டடக்கலைக்கு வந்தவர். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு அவர் அமைத்த வீடு, சுருங்கிய நகரக் காணியிலும் முற்றத்தைச் சுற்றி வாழலாம் என்பதைக் காட்டிற்று. 1990களில் எழுந்த கந்தளம ஹோட்டல், மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்யாது, தூண்கள்மீது நின்று, கொடிகள் படர இடங்கொடுத்து அமைந்துள்ளது.

இன்று எம்முன் உள்ள கேள்வி

போரினால் அழிந்த வீடுகளுக்குப் பதிலாக, வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை ஆயத்தப் பகுதிகளாகக் கொணர்ந்து பொருத்தும் திட்டமொன்று 2016 அளவில் முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டின் செலவு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல். எம் வெப்பத்துக்கு ஒவ்வாமை, துருப்பிடித்தல், பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவதிலுள்ள இடர், உள்ளூர் மேசனுக்கும் தச்சருக்கும் தொழிலின்மை ஆகியவற்றைக் காட்டி அறிஞர் பலர் அதனை மறுத்தனர். திட்டம் முன்வைத்த அளவில் நிறைவேறாது போயிற்று. வீடற்றோர் கிடைப்பதை ஏற்கவேண்டிய நிலையில் இருந்தமையால், அவர்களுக்காகக் கணக்கோடும் வரைபடத்தோடும் வாதிடக் கற்றோர் தேவைப்பட்டனர். அத்தகையோர் எம்மிடையே மிகச் சிலராயிருப்பின், அடுத்த திட்டத்தை மறுப்பவர் யார்? அதற்கு மாற்றாக ஒன்றை வரைந்து காட்டுபவர் யார்?

எமது கல்லூரி ஈன்ற மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் பலர். அவர்களால் நாம் பெருமையுறுகின்றோம். வரைதலில் விருப்பும் கணிதத்தில் தெளிவும் அயலார் வாழ்வில் அக்கறையும் உடைய மாணவர் இத்துறையையும் எண்ணிப்பார்ப்பாராக. சித்திரப் பாடத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்கெனக் கருதாது, கணித பௌதிக பாடங்களோடு ஒருங்கே வைத்து ஊக்குவிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முதுசமாய் வந்த பழைய வீட்டை இடிக்குமுன், அதனை அளந்து வரைந்து வைக்க மாணவருக்கு ஒருநாள் இடங்கொடுங்கள். இடிபட்ட சுவரை மீள எழுப்புதல் அரிது. அதனுள் அடங்கிய அறிவையேனும் அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் எம்மால் இயல்வதே.