உங்களுக்குத் தெரியுமா? பவளம் பக்கத்துப் பவளத்தைச் செரித்துவிடும்!

வயிற்றுக்குள் இருக்கும் செரிமான இழைகளை வெளியே நீட்டி, நெருங்கி வளரும் வேற்றினப் பவளத்தை நின்ற இடத்திலேயே கரைத்துவிடும் பவளங்கள் உண்டு. ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் இதை ஆராய்ந்த ஜூடித் லாங், 1971-லும் 1973-லும் கட்டுரைகளாக வெளியிட்டார்.

• கேலக்சியா பவளம், கொட்டும் செல்கள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகளை வீசும். அவை 20 செ.மீ.க்கு மேலும் எட்டலாம். பட்ட இடத்தில் சதை உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியும்.

• மென்பவளங்கள் பல, தொடாமலே தாக்கும். டெர்பீன் என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்துவிடும். பவளம் வளர்க்கும் தொட்டியின் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

• தொட்டியில் பவளம் வைக்கும்போது, வளர்ந்தபின் வரும் அளவைக் கணக்கிட்டு இடம் விடுங்கள். நீரோட்டம் போகும் பக்கம் கூடுதல் இடைவெளி வேண்டும்; உணர்கொம்புகள் அந்தப் பக்கமே நீளும். விளக்கணைத்தபின் டார்ச் அடித்துப் பாருங்கள்: எது எதுவரை எட்டுகிறது என்று தெரிந்துவிடும்.