பத்து நிமிஷம் கடலைப் பாருங்க பாஸ்!

மாருதி ஆம்னியைக் கொஞ்சம் இழுத்து நீட்டின மாதிரி ஒரு வேன். உள்ளே ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, குட்டியா ஒரு ஃபிரிட்ஜ். பேரு கேம்பர்வேன். வீட்டையே ஓட்டிட்டுப் போகலாம்!

மெல்போர்னில் இருக்கிற என் பெரியம்மா பொண்ணும் மாமாவும் அப்படி ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, அஞ்சு நாள் கடலோரமா சுத்திட்டு வந்தாங்க. அக்கா நர்ஸ், நைட் ஷிஃப்ட். மாமா சாஃப்ட்வேர், டே ஷிஃப்ட். "கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சீட்டுலதான்டா அதிகமா பேசிருக்கோம்" என்றார் அக்கா. அதுக்காகத்தான் இந்த ட்ரிப்.

கையால் வெட்டின ரோடு!

அவங்க போனது 'கிரேட் ஓஷன் ரோடு'. டார்க்கி என்ற ஊரில் தொடங்கி 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பின சுமார் 3,000 வீரர்கள், போரில் செத்துப் போன நண்பர்களின் நினைவாக 1919-ல் ஆரம்பிச்சு, 1932-ல் முடிச்ச ரோடு. கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து... பெரும்பாலும் இதை வெச்சுத்தான் வெட்டினாங்க! சிவில் மக்களே, கொஞ்சம் எழுந்து நின்னு கைதட்டுங்க.

அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். டார்க்கியிலிருந்து மேற்கே போனா, கடலும் இடது பக்கமே வரும். அதனால ரோட்டைக் கிராஸ் பண்ணாமலே வியூ பாயின்ட்டில் நிறுத்தலாம். ஆனா, நினைச்ச இடத்தில் வேனைப் போட்டுத் தூங்க முடியாது. அதுக்குன்னு இருக்கிற கேரவன் பார்க்கிலோ, அனுமதிச்ச முகாம் இடத்திலோதான் ராத்திரி தங்கணும். அங்கே அக்கா ரசம் வைக்க, பக்கத்து வேன்காரங்க வாசனை பிடிச்சு எட்டிப் பார்த்தாங்களாம்!

அலை இல்லாத இடம்தான் ஆபத்து!

டார்க்கி, அலைச்சறுக்கு ஆட்டத்துக்குப் பேர் போன ஊர். பக்கத்து பெல்ஸ் பீச்சில் 1962-லிருந்து போட்டி நடக்குது. ரெண்டு பேரும் ஒரு கிளாஸில் சேர்ந்தாங்க. பலகையைக் கையில் கொடுப்பாங்கன்னு பார்த்தா, பயிற்சியாளர் மணலில் உட்கார வெச்சு, "பத்து நிமிஷம் கடலை மட்டும் பாருங்க" என்றாராம். மாமாவுக்குச் செம கடுப்பு!

மூணாவது நாள். காவலுக்கு ஆள் இல்லாத ஒரு குட்டி பீச். ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைய, நடுவில் மட்டும் தண்ணி கருநீலமா, அமைதியா இருந்துச்சு. 'இதுதான் சேஃப்' என்று அக்கா இறங்கினார். இடுப்பளவு தண்ணி. திரும்பிப் பார்த்தா, கரை தூரத்தில்!

நாம எல்லாரும் பண்ற தப்பு இதுதான். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து குவிக்கிற தண்ணி, ஒரு பள்ளம் வழியா கடலுக்கே திரும்பி ஓடும். அந்த ஓட்டத்துக்கு 'ரிப்' என்று பேர். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. அதான் அமைதியா தெரியுது. அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியே இழுக்கும். பயந்து, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைச்சுப் போறவங்கதான் மூழ்குறாங்க.

மாமா குதிக்கப் போனார். "வராதீங்க!" என்று கத்தினார் அக்கா. காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து மூழ்கின கதைகள் நர்ஸுக்குத் தெரியாதா? மல்லாந்து மிதந்து, ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். இழுப்பு குறைஞ்சதும் பக்கவாட்டில் கைகால் அசைச்சு, வெள்ளை நுரை இருக்கிற பக்கம் போனார். அலையே தள்ளிக் கொண்டு வந்து விட்டது. வேனிலிருந்த காலித் தண்ணி கேனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, முழங்கால் தண்ணியில் அழுதுட்டு நின்னாராம் மாமா.

அப்புறம் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் குளியல். அங்கேதான் காவலர்கள் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

பன்னிரண்டு... ஆனா எட்டு!

கடைசியா 'ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்'. கடலுக்குள் நட்டு வெச்ச மாதிரி சுண்ணாம்புக் கல் தூண்கள். பேர்தான் பன்னிரண்டு. 2005 ஜூலையில் ஒண்ணு சரிஞ்சு விழ, இப்போ எட்டு! கொஞ்சம் தள்ளி 'லண்டன் பிரிட்ஜ்' என்று ஒரு பாறைப் பாலம். 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்த வளைவு இடிஞ்சு விழ, அந்தப் பக்கம் மாட்டின ரெண்டு பேரை ஹெலிகாப்டர்தான் மீட்டது. பாறையைக் குடைஞ்சு குகையாக்கி, குகையை வளைவாக்கி, வளைவை இடிச்சுத் தூணாக்கி... செதுக்குறதும் கடல், சாய்க்கிறதும் அதே கடல்!

"அங்கே எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டேன். "சாயங்காலம் முழுக்க. ரெண்டு பேரும் பேசவே இல்லை. ஆனா, அவர் என் கையை விடவே இல்லைடா" என்றார் அக்கா.

மெரினா, பெசன்ட் நகர், புதுச்சேரி... செமஸ்டர் முடிஞ்ச சந்தோஷத்தில் கடலில் இறங்கித் திரும்பாத நண்பர்களைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் படிக்கிறோம். 'குளிக்காதீர்கள்' என்று போர்டு இருந்தா, ப்ளீஸ், காலை நனைக்கிறதோட நிறுத்திக்குங்க. எந்தக் கடலா இருந்தாலும் முதல் பத்து நிமிஷம் மணலில் உட்காருங்க. சும்மா பாருங்க.

சுண்டல் சாப்பிட அந்த டைம் சரியா இருக்கும்!