சரிவில் கவிழ்ந்த கேன்

தேயிலைக்கு வரும் கொப்புள நோய் பனிமூட்டத்திலும் ஈரத்திலும்தான் பரவும். ஆகவே தாமிர மருந்தையும் மழைக்காலத்திலேயே அடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் வெயிலில் அவசர அவசரமாகக் கலக்கி, டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வழுக்கும் சரிவில் ஏறுவார்கள். குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மேற்பார்வை வேலை பார்த்த எனக்கு அந்த மாதங்கள் முழுக்க ஒரே கவலைதான்: எங்காவது ஒரு கேன் கவிழ்ந்துவிடக் கூடாது.

ஒருநாள் கவிழ்ந்தது. மருந்து கலக்கும் திட்டில் களைக்கொல்லி கொட்டி ஓடத் தொடங்கியதும், வேலைக்குப் புதிதாக வந்த பையன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவிட்டான். "டேய், தண்ணி ஊத்தாதே! மண்ணைப் போடுடா!" என்று மேஸ்திரி கத்தினார். திட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஓடை, ஓடைக்கரையில் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குத் தண்ணீர் தரும் தொட்டி. பையன் குழாயைத் திறந்திருந்தால் மருந்து நேரே தொட்டிக்குப் போயிருக்கும். அதோடு நிற்கவும் நிற்காது. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. மலையில் கழுவிவிட்டது சமவெளியில் குடிக்கிறவர் வரைக்கும் போகும்.

கொட்டியதும் முதலில் ஆட்களைக் காற்று வரும் திசைப் பக்கமாக மேலே ஏற்ற வேண்டும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டவர் மட்டும் கிட்டே போகலாம். பீடி, சிகரெட் கூடாது. கேனை நிமிர்த்தி, ஓடும் திசையில் மண்ணால் சிறு வரப்புக் கட்டி, காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ மேலே கொட்டினால் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மண்வெட்டியால் வாரி, மூடியுள்ள டிரம்மில் போட்டு, மேலே என்ன மருந்து என்று எழுதி ஒட்ட வேண்டும். அடியில் நனைந்த மண்ணையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதில் காய்ந்த மண் என்பதுதான் முக்கியம். ஐப்பசி மழையில் மலையில் அதை எங்கே தேடுவது? கோடையிலேயே சாக்கில் கட்டி மருந்து குடோன் வாசலில் வைத்துவிட வேண்டும்.

உடம்பில் பட்டால் உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேனின் லேபிள் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தென்றால் டாக்டர் அட்ரோபின் கொடுப்பார். பாராகுவாட் களைக்கொல்லிக்கோ மாற்று மருந்தே கிடையாது. எது பட்டது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கினால் உயிர் காக்கும் நேரம் வீணாகும். படிக்கத் தெரியாதவரும் லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்: சிவப்பு கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றாலும் குடிதண்ணீரில் கலக்க விடக்கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்தை உணவுப் பொருளில் படும்படி ஏற்றக் கூடாது என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. ஆனாலும் மலைப்பாதையில் அரிசி மூட்டை மேலேயே கேன் வருவதைப் பார்த்திருக்கிறேன். மருந்தைக் கையாளுகிறவர்களின் பாதுகாப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் நிர்வாகமே பொறுப்பு என்று 2010-இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டத்திலிருந்துதான் தொடங்கியது. நீலகிரியின் பல்லாயிரம் சிறு விவசாயிகளிடம் இருப்பது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். குடோன் கிடையாது; கேன் வீட்டுக்குள், கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

இந்தச் சிறு விவசாயிகள் கொழுந்து கொண்டுவந்து எடை போடுவது ஊர்ப் பொது இடத்தில்தான். அவர்களின் சுய உதவிக் குழுக்கள் அந்த இடத்திலேயே பூட்டுப் போட்ட ஒரு பெட்டியும், இரண்டு சாக்கு காய்ந்த மண்ணும், ஒரு மண்வெட்டியும், கையுறையும் வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. கூரை மட்டும் ஒழுகாமல் இருக்க வேண்டும்.